புள்ளி குறைந்த மாணவரும் முகாமைத்துவ ஆலோசனைத் தொழிலும்

எமது கல்லூரியிற் பயின்று, பின் ஐக்கிய அமெரிக்காவின் மாநிலப் பல்கலைக்கழகமொன்றிற் பொருளியல் கற்கச் சென்ற மாணவரொருவர் சென்ற ஆண்டு எமக்குக் கடிதமொன்று விடுத்திருந்தார். மின்னஞ்சலாக வந்ததேயாயினும் அதனைக் கடிதம் என்றே கூறல் தகும். எம் நலம் விசாரித்து, கல்லூரி முற்றத்து வேம்பின் நலமும் விசாரித்து, அதன் பின்னரே அவர் விடயத்துக்கு வந்திருந்தார். "ஐயா, முகாமைத்துவ ஆலோசனைத் தொழிலிற் சேர விரும்புகின்றேன். என் தரப்புள்ளிச் சராசரி 2.97. 3.5 இல்லாதவன் விண்ணப்பிப்பதே வீண் என்று இங்குள்ளோர் சொல்கின்றனர். நான் என்ன செய்யலாம்?" என்பதே அவர் வினா.

தமிழ் கற்பிக்கும் எம்மிடம் கேட்கத்தக்க வினா இதுவன்று. யாம் ஆசிரியப் பயிற்சி பெற்றவரேயன்றி வணிகம் கற்றவரல்லோம். ஆயினும் கேட்டவன் எம் மாணவன். அறியோம் என்று எழுதி விடுதற்கு மனம் ஒப்பவில்லை. சில மாதம் தேடிப் படித்து, அத்துறையிலிருக்கும் பழைய மாணவர் சிலரையும் வினாவி, விடையொன்று எழுதினோம். யூபிலி மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது அவ்விடையையே விரித்தெழுதத் துணிந்தோம். எம் மாணவர் பலர் இன்று புறநாடுகளிற் பயில்கின்றனர். பழைய மாணவர் பலர் அந்நாடுகளிற் பதவி வகிக்கின்றனர். இரு சாராரையும் நோக்கியே இதனை எழுதுகின்றோம்.

முகாமைத்துவ ஆலோசனை என்பது யாது? பெரிய கம்பனியொன்றின் இலாபம் குறைகின்றது. வைத்தியசாலையொன்றில் நோயாளர் காத்திருக்கும் நேரம் நீள்கின்றது. வங்கியொன்று மற்றொரு வங்கியை வாங்கலாமோ என ஐயுறுகின்றது. உள்ளிருப்போர்க்கு நேரமின்மையாலோ துணிவின்மையாலோ காரணம் புலப்படாதவிடத்து, வெளியாரைப் பணங் கொடுத்து அழைக்கின்றனர். அவ்வெளியார் சில வாரமோ சில மாதமோ அங்கிருந்து, கணக்கேடுகளைப் புரட்டி, தொழிலாளர் முதல் முதலாளி ஈறாகப் பலரோடும் உரையாடி, இன்னது பிணி, இன்னது மருந்து என எழுதிக் கொடுத்துப் பெருந்தொகை பெற்றுச் செல்வர். அம்மருந்தாற் பிணி தீராத இடங்களும் உள என்பர். அவ்வழக்கை ஈண்டு விசாரியோம். இளம் பட்டதாரிக்கு அங்குக் கிடைப்பது கணக்குத் திரட்டலும் அட்டவணை அமைத்தலும் கூட்டங்களிற் குறிப்பெடுத்தலுமாகிய வேலையே. ஆயினும் சம்பளம் உயர்வு; இரண்டு மூன்று ஆண்டுகளிற் பல தொழில்களின் உள்வீட்டைக் காணும் வாய்ப்பும் உண்டு. ஆகவே இடங்கள் சிலவாக, விண்ணப்பிப்போர் மிகப் பலராயினர்.

இத்தொழிலின் வரலாற்றிலே எம் மாணவர் அறியவேண்டிய செய்தியொன்றுண்டு. சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் கணக்கியல் கற்பித்த ஜேம்ஸ் மக்கின்சி என்பார் 1926 இல் தம் பெயரால் ஆலோசனை நிறுவனமொன்றைத் தொடங்கி, 1937 இல் நியூமோனியா நோயால் இறந்தார். அதன் பின்னர் அந்நிறுவனத்தை வளர்த்து, இத்தொழிலுக்கே ஓர் ஒழுங்கு வகுத்தவர் மாவின் பவர் (1903–2003). முன்னர் ஆலோசகர் எனின் தொழிலிற் பழுத்த அனுபவசாலிகளே. அவ்வழக்கை மாற்றி, ஹாவாட் வணிகக் கல்லூரி போன்றவற்றிலிருந்து உயர்ந்த பெறுபேறுடைய இளைஞரை நேரே சேர்க்கும் வழக்கை 1950 களில் வேரூன்றச் செய்தவர் அவரே. இன்று புள்ளி பார்த்து மாணவரைச் சலிக்கும் சல்லடையைப் பின்னியவர்களுள் அவர் முதன்மையானவர் எனலாம்.

அவருடைய இளமை எப்படியிருந்தது? 1928 இல் ஹாவாட்டிற் சட்டப் பட்டம் பெற்ற பவர், தாம் வளர்ந்த கிளீவ்லாந்து நகரத்தின் பெயர்பெற்ற சட்ட நிறுவனமொன்றில் வேலை கேட்டார். புள்ளி போதாது என்று அந்நிறுவனம் அவரை ஏற்கவில்லை. அவர் ஹாவாட் வணிகக் கல்லூரியிற் புகுந்து, அங்கு ஊன்றிப் படித்து, 1930 இல் வெளிவந்தார். முன்னர்க் கதவடைத்த அதே நிறுவனம் இப்பொழுது அவரை ஏற்றுக்கொண்டது. 1933 இல் அவர் மக்கின்சியிடம் சேர்ந்தார்.

புள்ளியாற் கழிக்கப்பட்டவரே புள்ளியாற் கழிக்கும் முறையை வளர்த்தது விந்தையன்றோ! இக்கதையை ஊக்கமூட்டும் பேச்சாளர் கூறுவராயின் முன்பாதியை மட்டுங் கூறி விடுவர். பின்பாதியையும் மாணவர் கவனித்தல் வேண்டும். பவர் இன்சொல் பேசிக் கதவைத் திறக்கவில்லை. இரண்டாண்டு செலவிட்டு, வேறோரிடத்தில் வேறு பெறுபேறு ஈட்டி வந்தே திறந்தார். புள்ளி ஒரு பொருட்டன்று என்று எம் மாணவருக்கு எழுத யாம் கருதவில்லை. அப்படி எழுதின் அது பொய்யாகும்.

இனித் தரப்புள்ளிச் சராசரி என்பதனை நோக்குவோம். அமெரிக்க முறையில் ஏ தரத்துக்கு 4, பீ தரத்துக்கு 3, சீ தரத்துக்கு 2, டீ தரத்துக்கு 1, சித்தியடையாமைக்கு 0 என வைத்து, ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அப்பாடத்துக்குரிய அலகுகளாற் பெருக்கி, கூட்டி, அலகுத் தொகையால் வகுப்பர். எம் மாணவருக்கு முதலாம் ஆண்டில் 2.4, இரண்டாம் ஆண்டில் 3.0, மூன்றாம் ஆண்டில் 3.5. ஆண்டுதோறும் அலகுகள் சமமாதலின், மூன்றையுங் கூட்டினால் 8.9, மூன்றால் வகுத்தால் 2.97. முதலாம் ஆண்டில் அவர் விடுதிச் சாப்பாட்டறையில் இரவு வேலை செய்தார். விரிவுரையாளரின் ஆங்கிலம் செவியிற் பழக ஆறு மாதம் சென்றது. இவை அனைத்தும் 2.97 என்னும் ஓர் எண்ணுள் மறைந்து போயின. மூன்றாண்டு ஏறிவந்த ஒருவரையும், 3.5 இற் தொடங்கி 2.4 இற்கு இறங்கிய ஒருவரையும் அவ்வெண் ஒன்றாகவே காட்டும்.

இதில் இன்னுமொரு நுட்பமுண்டு. நான்காம் ஆண்டில் அவர் 3.7 பெறுவாராயின், முழுச் சராசரி 3.15 ஆகும். ஆயின் பெரிய நிறுவனங்கள் விண்ணப்பம் கோருவது நான்காம் ஆண்டின் தொடக்கத்திலேயே. அந்த 3.7 கணக்கில் வரும் முன்னரே கதவு மூடிவிடும். அதற்கும் முன்னதாக, மூன்றாம் ஆண்டு முடிவிலே வரும் கோடை விடுமுறையிற் பயிலுநராக இருந்தோரைக் கொண்டே அந்நிறுவனங்கள் பெரும்பாலான இடங்களை நிரப்பிக் கொள்கின்றன. அப்பயிலுநரைத் தெரிவது அக்கோடைக்குப் பல மாதம் முன்னராதலின், அப்பொழுது எம் மாணவர் கையிலிருந்தது 2.4 உம் 3.0 உம் சேர்ந்த 2.7 மட்டுமே. முதலாம் ஆண்டிற் பின்தங்கியவன் பிற்பாடு எவ்வளவு ஓடினும் இக்காலக் கணக்கு அவனுக்குப் பாதகமாகவே அமைந்துள்ளது. ஆகவே புறநாடு செல்லும் எம் மாணவர்க்கு யாம் முதலிற் கூறுவது, முதலாம் ஆண்டில் எடுக்கும் பாடங்களின் எண்ணிக்கையைக் குறைத்தேனும் அவற்றிற் பழுதறப் படிக்க வேண்டும் என்பதே. மற்றைய ஆலோசனைகளெல்லாம் பிந்தியவர்க்குரியன.

ஒரே எண் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் ஒரே பொருள் தருவதுமன்று. பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகம் 2004 இல், ஏ தரங்கள் நூற்றுக்கு 35 இற்கு மேற்படலாகாது என விதித்து, 2014 இல் அவ்விதியைக் கைவிட்டது. ஹாவாட்டிலோ, இளமாணி வகுப்புக்களில் வழங்கப்படும் தரங்களுள் நூற்றுக்கு 60 அளவு ஏ தரமாகிவிட்டதென 2025 இல் அப்பல்கலைக்கழகத்தின் அறிக்கையே கூறிற்று. இருபதாண்டுக்கு முன் அது நூற்றுக்கு 25 அளவாயிருந்தது. அள்ளிக் கொடுக்கும் இடத்தில் 3.5 பெற்றவரும், கிள்ளிக் கொடுக்கும் இடத்தில் 3.2 பெற்றவரும் ஆகிய இருவருள் எவர் சிறந்தவர்? எண்ணை மட்டும் பார்ப்பவர் இதற்கு விடை கூற இயலாது. புள்ளியிடும் தொழிலில் இருபதாண்டு கழித்த யாம் இதனை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கின்றோம்.

அற்றேல், நிறுவனங்கள் ஏன் அவ்வெண்ணைப் பற்றிக் கொண்டிருக்கின்றன? விண்ணப்பக் குவியலைக் குறைத்தற்கு அதனினும் மலிவான கருவி வேறில்லாமையாலேயே. நோத்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர் லோறன் றிவேரா, வங்கி, சட்டம், ஆலோசனை ஆகிய மூன்று துறைகளின் மேனிலை நிறுவனங்கள் பட்டதாரிகளைத் தெரியும் முறையை ஆராய்ந்து 2015 இல் நூலொன்று வெளியிட்டார். அத்துறைகளிலுள்ள 120 பேரைக் கண்டு உரையாடி, நிறுவனமொன்றின் ஆட்சேர்ப்பை உள்ளிருந்தும் நோக்கி எழுதிய நூல் அது. அவர் கண்டவற்றுட் பல எமக்கு மனக்கசப்பை விளைத்தன. நிறுவனங்கள் முதலிற் பார்ப்பது புள்ளியையுமன்று; பல்கலைக்கழகத்தின் பெயரை. பெயர்பெற்ற சில பல்கலைக்கழகங்களுக்கு அவை தாமே சென்று மாணவரைத் தேடுகின்றன. ஏனையோர் இணையவழி அனுப்பும் விண்ணப்பங்கள், உள்ளே அறிந்தவர் ஒருவர் எடுத்துக் காட்டினாலன்றிப் பெரும்பாலும் படிக்கப்படுவதேயில்லை. படிக்கப்படுவனவும் மிகச் சிறுபொழுதிலேயே படிக்கப்படுகின்றன. நேர்முகப் பரீட்சையிலும், தம்மைப் போன்ற விளையாட்டும் பொழுதுபோக்கும் உடையவரையே பரீட்சகர் விரும்புகின்றனர். படகோட்டமும் பனிச்சறுக்கும் பயின்ற செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இது அனுகூலம். சாப்பாட்டறையில் வேலை செய்த பிள்ளைக்குப் பிரதிகூலம்.

ஆதலின் எம் மாணவரின் இடர் 2.97 மட்டுமன்று, அவருடைய பல்கலைக்கழகத்தின் பெயருங்கூட. இரண்டையும் அவர் இனி மாற்றவியலாது. மாற்றக்கூடியது, அவருடைய தாள் யார் கையில் எவ்வாறு சேர்கின்றது என்பதொன்றே.

பிரித்தானியாவில் நிலைமை சிறிது நெகிழ்ந்துள்ளது. ஆலோசனையும் தொழிலாகக் கொண்ட பெரிய கணக்காய்வு நிறுவனங்களுள் ஒன்றாகிய ஏர்ன்ஸ்ட் அன்ட் யங், பட்டத்தின் வகுப்பை நுழைவு நிபந்தனையாகக் கொள்வதில்லையென 2015 இல் அங்கு அறிவித்தது. பல்கலைக்கழகப் பெறுபேற்றுக்கும் பின்னர்த் தொழிற் பரீட்சைகளிற் பெறும் வெற்றிக்கும் தொடர்பிருப்பதாகத் தான் காணவில்லை என்பதே அது கூறிய காரணம். பிறைஸ்வோட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் நிறுவனமும் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு வேண்டும் என்ற நிபந்தனையை 2022 இல் அந்நாட்டில் நீக்கியது. அவை புள்ளிக்குப் பதிலாகத் தாமே வைக்கும் பரீட்சைகளை நம்புகின்றன. அமெரிக்காவிலும் பெரிய நிறுவனங்கள் அத்தகைய பரீட்சைகளை வைக்கின்றன. மக்கின்சி நிறுவனம் முன்னர் 60 நிமிடத்தில் 26 வினாக்களுக்கு விடையளிக்கும் கடுதாசிப் பரீட்சையொன்றை வைத்தது; இப்பொழுது கணினி விளையாட்டுப் போன்ற ஒன்றை வைக்கின்றது. புள்ளி குறைந்தோர் இப்பரீட்சைகளைக் கண்டு அஞ்சுதல் தவறு. பழைய எண்ணை மறக்கச் செய்யும் புதிய எண்ணொன்றை ஈட்டும் இடம் அதுவே.

இனி விண்ணப்பத் தாளைப் பற்றி. 2.97 ஐ 3.2 என்று எழுதலாமோ என ஒரு நண்பர் அவருக்கு உபாயம் கூறினாராம். நிறுவனங்கள் பல்கலைக்கழகத்தின் பெறுபேற்றுப் பத்திரத்தைப் பின்னர்க் கேட்டு வாங்குகின்றன. வேறுபாடு தோன்றின் கொடுத்த வேலையையும் திரும்பப் பெறுகின்றன. அச்சத்தாலன்றியும் அது செய்யத்தகாதது என்பதை எம் கல்லூரியிற் பயின்றவருக்கு யாம் விரித்தல் வேண்டா. மெய்யையே, ஆனால் முழு மெய்யையும், எழுதுக என்றோம். "சராசரி 2.97, மூன்றாம் ஆண்டு 3.5" என்று ஒரே வரியில் எழுதினால், படிப்பவர் ஏறுமுகத்தைக் காண்பர். பொருளியற் பாடங்களின் சராசரி தனியே உயர்வாயின் அதனையும் அவ்வரியிற் சேர்க்கலாம். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை செய்து தன் செலவைத் தானே தாங்கினேன் என்பதும் ஒரு செய்தியே. அதனை வேலை அனுபவப் பகுதியில் எழுதுதல் வேண்டும். புள்ளி குறைந்தமைக்குக் காரணங் கூறிப் பந்தி பந்தியாக இரங்கி எழுதுதல் மட்டும் ஆகாது. ஒரு வாக்கியம் போதும்.

எங்கே விண்ணப்பிப்பது? மக்கின்சி, பொஸ்ரன் ஆலோசனைக் குழுமம், பெயின் என்னும் மூன்றையுமே மாணவர் தெய்வமாகக் கொண்டிருக்கின்றனர். வைத்தியசாலைகளுக்கு மட்டும், அல்லது வங்கிகளுக்கு மட்டும், அல்லது அரசாங்கத்துக்கு மட்டும் ஆலோசனை கூறும் சிறு நிறுவனங்கள் அந்நாட்டிற் பல உள. பெருங் கம்பனிகள் பலவற்றில் உள்ளாலோசனைப் பகுதிகளும் உள. அங்கெல்லாம் வரும் விண்ணப்பங்கள் குறைவாதலின், தாளை மனிதரே படிக்கக்கூடும். ஆயின் எம்மவர்க்கு அங்கு வேறோர் இடர் எதிர்ப்படும். புறநாட்டவரை வேலைக்கமர்த்தும் விசாவுக்கு அந்நிறுவனமே விண்ணப்பித்தல் வேண்டும். அவ்விசாவுக்கு ஆண்டெல்லை 65,000, அந்நாட்டில் முதுமாணியோ அதற்கு மேலோ பெற்றவர்க்கென மேலும் 20,000. சிறு நிறுவனங்கள் அத்தொல்லைக்குப் பின்வாங்குவதுண்டு. நேர்முகப் பரீட்சை வரை சென்றபின் இதனை அறிந்து ஏமாறுவதிலும், முதற் கடிதத்திலேயே கேட்டறிதல் நன்று.

பழைய மாணவர் மலரில் இக்கட்டுரையை எழுதத் துணிந்தமைக்குக் காரணமான செய்திக்கு இப்பொழுது வருகின்றோம். புறூஸ் ஹென்டர்சன் (1915–1992) என்பார் வான்டர்பில்ற் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். ஒரு காலத்தில் விவிலிய நூல் விற்றுத் திரிந்தவர். ஹாவாட் வணிகக் கல்லூரியிற் படித்து, பட்டம் பெறுதற்கு 90 நாள் இருக்கையில் வேலையொன்று கிடைத்ததென்று அதனை விட்டு நீங்கினார். 1963 இல் வங்கியொன்றின் சிறு பிரிவாகத் தொடங்கி அவர் வளர்த்ததே பொஸ்ரன் ஆலோசனைக் குழுமம். அதே வான்டர்பில்ற்றில் வரலாறு பயின்று 1959 இற் பட்டம் பெற்றவர் வில்லியம் பெயின். வணிகக் கல்லூரி எதிலும் அவர் பட்டம் பெறவில்லை. அவர் பல்கலைக்கழகத்திலேயே நன்கொடை திரட்டும் பிரிவில் உத்தியோகம் பார்த்தார். அஃதாவது, பழைய மாணவரைக் கண்டு பேசிப் பணம் பெறுவதே அவர் தொழில். அவ்வேலையில் அவர் ஹென்டர்சனைச் சந்தித்தார். வரலாறு கற்ற அவ்விளைஞரின் பேச்சிலும் தெளிவிலும் மனம் பற்றிய ஹென்டர்சன், 1967 இல் அவரைத் தம் நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டார். 1973 இல் பெயின் தமக்கெனத் தனி நிறுவனங் கண்டார். மாணவர் தெய்வமாகக் கொள்ளும் மூன்றனுள் இரண்டு இவ்வாறு ஒரு பழைய மாணவர் உறவினாற் பிணைந்தவை என்பதை எம் சங்கத்தார் குறித்துக் கொள்வாராக.

எம் மாணவர்க்கு யாம் எழுதியது, தம் பல்கலைக்கழகத்தினின்று வெளியேறி இத்தொழிலில் இருப்போரைத் தேடிப் பிடித்து, ஒவ்வொருவருக்கும் ஐந்தாறு வரியிற் கடிதம் எழுதுக என்பதே. வேலை தருக என்று கேட்டல் ஆகாது. இருபது நிமிடம் பேசலாமோ, உங்கள் வேலை எத்தன்மையது, என்னைப் போன்றவன் எதனைப் பயிலல் வேண்டும் என்று கேட்டல் வேண்டும். பலர் மறுமொழி எழுதார். எழுதுவோருள் ஒருவர் இருவர், பேசியபின், "உமது தாளை அனுப்பும், உள்ளே கொடுக்கின்றேன்" என்பர். அந்தத் தாள் சல்லடைக்கு வெளியே செல்லுந் தாள். எம்மவர் இவ்வாறு எழுத நாணுகின்றனர். பிறரைத் தொந்தரவு செய்தல் பண்பன்று என்று வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள், வளர்த்தவர் யாமே. புறநாட்டிலிருக்கும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்: கல்லூரிக்கு மண்டபம் கட்டிக் கொடுத்தீர்கள், கணினிகள் அனுப்பினீர்கள், இருபது நிமிடமும் கொடுங்கள்.

இனி நேர்முகப் பரீட்சை. அதன் ஒரு பகுதி மாணவரின் வாழ்வில் நிகழ்ந்தவற்றைக் கேட்பது. மற்றைய பகுதி, கம்பனியொன்றின் சிக்கலைக் கூறி, அரைமணி முக்கால்மணி நேரத்தில் வாய்விட்டு ஆராயச் செய்வது. இதிலே தரப்புள்ளி உதவாது. கேட்கும் முறையே உதவும். யாம் அமைத்த சிறு பயிற்சியொன்றைக் காண்க.

வெதுப்பகமொன்று பாணும் கேக்கும் விற்கின்றது. சென்ற ஆண்டு நாளொன்றுக்கு வருமானம் 4,000 டொலர், இலாபம் 600. இவ்வாண்டும் வருமானம் 4,000, விலைகள் மாறவில்லை, மாவின் விலையோ வாடகையோ கூலியோ ஏறவில்லை. ஆயினும் இலாபம் 200 ஆயிற்று. ஏன்?

பயிலாத மாணவன் உடனே, களவு போயிருக்கும் என்பான். அல்லது விளம்பரம் செய்க என்பான். பயின்றவன் முதலில் இலாபத்தை வருமானம், செலவு என இரண்டாகப் பிரிப்பான். வருமானம் மாறவில்லையாதலின் செலவு 400 டொலர் ஏறியிருத்தல் வேண்டும். செலவை, விற்றாலும் விற்காவிடினும் உள்ள செலவு, விற்பனையோடு கூடிக் குறையும் செலவு என மீளப் பிரிப்பான். முன்னது மாறவில்லை, நாளொன்றுக்கு 1,200. பொருட்களின் அடக்கவிலையும் ஏறாதபோது பின்னது எவ்வாறு ஏறும்? இங்கேதான் அவன் கேட்கவேண்டிய கேள்வி வருகின்றது: "ஒவ்வொன்றும் எத்தனை விற்றது?" பரீட்சகர் கூறுவார்: பாண் 4 டொலருக்கு விற்பது, அடக்கம் 3, கேக் 12 இற்கு விற்பது, அடக்கம் 5. சென்ற ஆண்டு பாண் 400, கேக் 200. இவ்வாண்டு பாண் 700, கேக் 100. இரண்டாண்டும் வருமானம் 4,000 தான். ஆனால் பாண் ஒன்றில் மிஞ்சுவது 1 டொலர், கேக் ஒன்றில் 7. சென்ற ஆண்டு மிஞ்சியது 400 உம் 1,400 உம் ஆக 1,800. இவ்வாண்டு 700 உம் 700 உம் ஆக 1,400. அதினின்று 1,200 ஐக் கழிக்க 600 உம் 200 உம் வருகின்றன. களவுமில்லை, விளம்பரமும் வேண்டா. கேக் வாங்கியோர் எங்கே போயினர் என்பதே இனி ஆராயவேண்டியது. இவ்வளவுக்கும் எட்டாம் வகுப்புக் கணிதம் போதும். கணக்கினும் அரியது, எதனைக் கேட்பது என்பதையறிதல்.

பொருளைப் பகுக்கும் இம்முறைக்கு அவர்கள் ஒரு விதி வைத்துள்ளனர். 1963 இல் மக்கின்சியிற் சேர்ந்த பாபரா மின்ரோ என்னும் அம்மையார் இதனை விளக்கி நூல் எழுதியுள்ளார். வகுத்த பகுதிகள் ஒன்றன்மேலொன்று படிதல் ஆகாது. எல்லாஞ் சேர்ந்து முழுப்பொருளையும் அடக்குதல் வேண்டும் என்பதே அவ்விதி. இதனைப் படித்தபோது எமக்குப் புதிதாகத் தோன்றவில்லை. கூறியது கூறலும் குன்றக் கூறலும் நூலுக்குக் குற்றம் என்று நன்னூலை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் கற்பித்து வருகின்றோமே! பவணந்தியார் எழுதியது வெதுப்பகத்துக்கன்று என்பது மெய். ஆயினும் அப்பத்துக் குற்றத்தையும் பரீட்சைக்கு மனனஞ் செய்வதோடு நில்லாது, தன் கட்டுரையிலே தேடிப் பார்த்த மாணவனுக்கு இந்நேர்முகப் பரீட்சை அந்நியமாகாது.

இவ்விடத்தில் எம் குற்றமொன்றையும் கூறல் வேண்டும். அம்மாணவர் தம் கடிதத்தின் இறுதியில், "ஐயா, பத்தாம் வகுப்பில் நான் எழுதிய சந்தைக் கட்டுரை நினைவிருக்கின்றதா?" என்று கேட்டிருந்தார். முதலில் நினைவு வரவில்லை, பின்னர் வந்தது. 'எங்கள் ஊர்ச் சந்தை' என்ற தலைப்புக்கு ஏனையோரெல்லாம் காய்கறிகளின் நிறத்தையும் சனங்களின் ஆரவாரத்தையும் வருணித்திருக்க, இவர் ஒரு வினாவை எழுப்பியிருந்தார். காலையில் எல்லோரும் ஒரே விலைக்கு விற்கும் கத்தரிக்காயைப் பிற்பகலில் ஒருத்தி பாதி விலைக்குக் கொடுக்கின்றாள், அருகிலிருப்பவள் ஒரு சதமும் குறைக்கின்றாளில்லை, ஏன்? இரண்டு சந்தை நாள் நின்று கேட்டறிந்து விடையும் எழுதியிருந்தார்: முன்னவள் தூரத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வருபவள், மிஞ்சியதைத் திருப்பிக் கொண்டு செல்ல இயலாதவள்; பின்னவள் வீடு சந்தைக்குப் பின்னால். யாம் சந்திப்பிழைகளை எண்ணி, 'மற்றொன்று விரித்தல். வருணனை போதாது' என்று சிவப்பு மையால் எழுதி, 46 புள்ளி இட்டோம்.

அப்புள்ளி தமிழ்க் கட்டுரைக்குரிய அளவுகோலாற் பிழையன்று, சந்திப்பிழைகள் இருந்தனவே. ஆனால் அத்தாளிலே எம் கண்முன் இருந்த வேறொன்றை அளக்க எம்மிடம் கோல் இல்லை என்பதை அன்று யாம் அறியவில்லை. நேர்முகப் பரீட்சையில், "உமக்கு இத்தொழிலில் ஏன் ஆர்வம்?" என்று கேட்பர், அப்பொழுது அந்தக் கத்தரிக்காயைச் சொல்லுக என்று எழுதினோம். 46 ஐயுங் கூறலாம், எமக்கு ஆட்சேபமில்லை.

இவையெல்லாஞ் செய்தும் இவ்வாண்டு கதவு திறவாவிடின் என் செய்வது? பவர் சென்ற வழி இன்றும் உண்டு. யாதேனுமொரு தொழிலில் மூன்று நான்காண்டு உழைத்து, ஜீமற் என்னும் பரீட்சையில் உயர்ந்த புள்ளி பெற்று, நல்ல வணிகக் கல்லூரியொன்றில் முதுமாணி கற்று மீண்டும் வருதல். இளமாணிப் புள்ளியின் பாரம் அப்பொழுது பெரிதுங் குறைந்து விடும். அன்றித் தொழிலிலேயே வல்லவராகி, துறைபோகிய அனுபவசாலியாக இடையிற் புகுதலும் உண்டு. வைத்தியசாலை நிருவாகத்தையோ துறைமுகத்தையோ உள்ளும் புறமும் அறிந்தவரிடம் பட்டதாரி வயதுப் புள்ளியைத் துருவிக் கேட்பவர் குறைவு. கடன்பட்டுக் கற்கும் முதுமாணிக்குச் செலவு மிகப் பெரிது. ஆகவே வேலை, சேமிப்பு, பின்னர்க் கல்வி என்ற வரிசையையே எம்மவர்க்கு யாம் விதந்துரைப்போம்.

எம் மாணவர் நாற்பதுக்கு மேற்பட்ட கடிதங்கள் எழுதினார். ஒன்பது பேர் மறுமொழி தந்தனர், நால்வர் பேசினர். பெரிய நிறுவனங்கள் இரண்டு அவரை மறுத்துவிட்டன. ஒன்று காரணங் கூறவில்லை, மற்றது இணையவழிப் பரீட்சைக்குப் பின் மறுத்தது. வைத்தியசாலைகளுக்கு ஆலோசனை கூறும் சிறு நிறுவனமொன்று, விசா விடயத்தை முதலிலேயே கேட்டறிந்தபின், அவரை இருமுறை அழைத்துப் பரீட்சித்துள்ளது. முதன்முறை கத்தரிக்காய்க் கதையைக் கேட்ட பரீட்சகர், அக்கிழவி ஏன் காலையிலேயே விலையைக் குறைத்து முழுவதையும் விற்றுவிட்டுப் போகவில்லை என்று திருப்பிக் கேட்டாராம். எம் மாணவர் விடை கூறத் திகைத்து, சிறிது நேரம் எடுத்துக் கொள்ளலாமோ என்று கேட்டு, யோசித்தே விடை சொன்னாராம். இம்மலர் அச்சுக்குப் போகும் இவ்வேளை வரை முடிவு வந்திலது.